செத்த செல் எழுந்திருக்கக் கூடாது

முர்கா பாடுகிறவர்கள் வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டுதான் பாடுவார்கள். முகம் முழுக்கச் சாயம், புடைத்த கழுத்து நரம்பு, கடைவாய் வழியாகப் பீறிடும் குரல். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று தொடங்கிய பழக்கம், மைக் வந்த பிறகும் போகவில்லை. மொன்டேவிடியோவில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கார்னிவல் வந்தால் மேயர், அமைச்சர், கால்பந்துப் பயிற்சியாளர் என்று ஒருவர் விடாமல் பாட்டிலேயே கிழித்துத் தொங்கவிடுகிற கேலிப்பாட்டுக் கூட்டம்தான் முர்கா. நேரான வாய் அந்த வேலைக்குச் சரிப்படாது.

அதனால்தான், அக்டோபரில் நடந்த ஒத்திகையில் டார்தோ எச்செகோயனின் வாய் கோணியபோது ஒருவரும் பயப்படவில்லை.

டார்தோ எங்கள் பேட்டை முர்காவான ‘குடை இல்லாதவர்கள்’ குழுவின் இயக்குநர். பாட்டு தொடங்குமுன் கிதாரை மெல்ல மீட்டி, கனத்த குரல்காரர்களுக்கு ஒன்று, மேல்குரல்காரர்களுக்கு ஒன்று என்று ஆளாளுக்குச் சுருதி கொடுப்பது அவர் வேலை. அன்று சுருதிக்காக வாயைத் திறந்தார். வந்தது சுருதி இல்லை, பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு வார்த்தை. மறுபடி திறந்தார். அதே வார்த்தை. வலது கடைவாய் தொங்கியது, கிதார் வலது கையிலிருந்து நழுவியது, மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். டார்தோவின் குறும்பு ஊரறிந்தது. முந்தைய வருடம் மேடையிலேயே செத்ததுபோல் விழுந்து மேளக்காரனை அழவைத்தவர் அவர்.

“இதை அப்படியே மேடையில வெச்சுக்கலாம்டா!” என்று கத்தினார் எபெர். பாட்டெழுதுபவர், குழுவின் கணக்கு வழக்கு எல்லாம் அவர்தான்.

உடை தைக்கும் நிபியா மட்டும் கைதட்டவில்லை. “சட்டையில எச்சில் ஒழுகுது. டார்தோ சட்டையை அழுக்காக்க மாட்டான். வண்டியைக் கூப்பிடுங்க” என்றார். அவரை நம்புவதற்கு அவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

*

நவம்பர் கடைசியில், பக்கவாதத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த டார்தோ, ஒத்திகை நடக்கும் பேட்டைக் கிளப்புக்குள் வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். பேச்சில் அந்த ஒரு கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. காலை வணக்கமும் அதுதான், குடிக்க மாத்தே தேநீர் வேண்டும் என்பதும் அதுதான். ஆனால் பாட்டு போகவில்லை. முப்பது வருடமாகப் பாடிய முர்காப் பாட்டுகள் அத்தனையும் ராகத்தோடு, வரி பிசகாமல் வந்தன. புதிதாக ஒரு வாக்கியம் கட்ட முடியாத மனிதர், பழைய பாட்டிலிருந்து தேவையான வரியை எடுத்துப் பாடிவிடுவார். முர்காப் பாட்டில் பாதி வசை என்பதால், அவரிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

அவர் நேராக நடந்து, குழுவுக்கு முன்னால் இயக்குநர் நிற்கும் இடத்துக்குப் போனார். அங்கே மில்டன் சராவியா நின்றுகொண்டிருந்தான். வேறொரு முர்காவிலிருந்து கூட்டி வந்த ஆள். நல்ல காது, நல்ல முடி, இரண்டைப் பற்றியும் அவனுக்கே நல்ல அபிப்பிராயம். சுருதியை அவன் செல்போனிலிருந்து எடுத்தான்.

“வாங்க பெரியவரே! முன் வரிசையில நாற்காலி போட்டிருக்கேன், உட்கார்ந்து கேளுங்க” என்றான்.

டார்தோ அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாநகராட்சியைக் கிண்டல் செய்த பழைய பாட்டைப் பாடினார்:

“குப்பை வண்டி வரலேன்னு குறை சொல்லாதே ஊரே,
குப்பைக்குத்தான் இப்போ பதவி கொடுத்தாச்சு பாரே!”

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எபெர் அவர் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

“டேய், புரியுதுடா. ஆனா நாற்பது நிமிஷ நிகழ்ச்சி. பாதிக்கு மேல புதுப் பாட்டு. வார்த்தை ஞாபகம் வராம நீ நடுவுல நின்னுட்டா?”

டார்தோ நாற்காலியில் உட்காரவில்லை. இயக்குநரின் இடத்தையே பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். பிப்ரவரி கார்னிவலில் அந்த இடத்தில் நிற்பதுதான் அவருக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

*

டார்தோவின் தங்கை சுல்மா பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பவர். உயிருள்ள ஆளுக்கு ஊசி போட்டதே இல்லை. இருந்தாலும் பேட்டையில் அவர் டாக்டரம்மாதான். முழங்கால் வலியை எல்லாம் அவரிடம்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இறைச்சி சுடும்போது எபெர் அவரிடம் கேட்டார்: “உள்ள என்னதான் நடந்துது? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“ஒரு மூளை செல்லை மரம்னு வெச்சுக்க. கிளை கிளையா கையை நீட்டி வெச்சிருக்கும். கிளை முழுக்க ரோஜாக் கொம்பு மாதிரி முள். அந்த முள்ளு வழியாத்தான் பக்கத்து செல்லு சொல்றதைக் கேக்குது.”

“ரத்தம் நின்னா?”

சுல்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்புக்கு மேலே கொக்கியில் சோரிஸோ சரம் தொங்கியது. கட்டைவிரல் பருமனான இறைச்சிக் குண்டுகள், நடுவில் நூல் கட்டிய மெல்லிய இடுப்பு.

“இதோ, இப்படி ஆயிடும்” என்றார். “சில நிமிஷத்துல. செல்லு உப்பும். வழவழன்னு இருந்த கிளை, இங்க வீங்கி அங்க சுருங்கி, சோரிஸோ சரமாயிடும். முள்ளெல்லாம் காணாமப் போயிடும். ஒட்டுக் கேக்க ஒரு காதுகூட மிஞ்சாது.”

“அவ்வளவுதானா? முடிஞ்சுதா?”

“இல்ல. சீக்கிரம் ரத்தம் திரும்பி வந்தா கிளை மறுபடி நேராயிடும். முள்ளும் ஏறக்குறைய பழைய இடத்துலயே வந்து நிக்கும். நானே பார்த்திருக்கேன். ரொம்ப நேரமாச்சுன்னா, ரத்தம் நின்ன இடத்துக்கு நடுவுல இருக்கற செல்லு செத்துடும். செத்தது செத்ததுதான். ஓரத்துல இருக்கறதுதான் இழுபறி. அது பிழைச்சா, வாரக்கணக்குல புது முள்ளா விட்டுக்கிட்டு, செத்துப்போனவன் வேலையையும் கொஞ்சம் இழுத்துப் போட்டுச் செய்யும்.”

“சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம்?”

சுல்மா கத்தியைக் கீழே வைத்தார். “நீங்க கைதட்டின நேரம் இருக்கே...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

எபெர் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகத்தில் வேறு களை. “டாக்டரம்மா, இதையே பாட்டாக்கறேன். குழு மொத்தமும் மூளை செல்லு.”

“ஆக்கிக்க. ஒரு நிபந்தனை. பொய் ஒண்ணும் இருக்கக் கூடாது. கண்ணீர் வரணும்னு செத்த செல்லை எல்லாம் எழுப்பி விடாதே. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு.”

“சத்தியம்.”

“எழுத்தாளன் சத்தியமா?”

“இல்ல, பசியோட இருக்கறவன் சத்தியம். அந்தச் சரத்தைக் கொஞ்சம் இறக்கு.”

*

நிபியா பெண்களின் நீளக் காலுறைகளில் பஞ்சடைத்துக் கைகள் தைத்தார். உள்ளே ஓடும் நூலை இழுத்தால் கை சோரிஸோ சரமாகும்; விட்டால் நேராகும். முட்களை ஒட்டு நாடாவில் பொருத்தினார், உதறினால் உதிரும்படி. முதல் நாள் ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்த பேட்டைக்காரர்களுக்கு எல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது. “இறைச்சி விலை ஏறினதைப் பத்தியா?” என்று கேட்டார்கள். எபெர் அன்றிரவே இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டியதாயிற்று.

அந்த வருடம் பாடகன் ஒருவன் ஸ்பெயினுக்குப் போய்விட்டதால் மேடையில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தை டார்தோவுக்குக் கொடுத்தார்கள். நடுவில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் செத்த செல். புது வார்த்தை எதுவும் பாட வேண்டாம், நகர வேண்டாம். எல்லோருக்கும் தாங்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைப்பு.

டார்தோ படுத்தார். ஆனால் சும்மா படுக்கவில்லை. மில்டன் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் கறுப்புத் துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து தரையில் தாளம் தட்டியது, நிதானமாக. மேளக்காரர்கள் பழக்கதோஷத்தில் அந்தக் கைக்கே வாசித்தார்கள். சில சமயம் பிணம் எழுந்து உட்கார்ந்து மேல்குரல்காரர்களை முறைத்தது. அவர்கள் உடனே சுருதிக்கு வந்தார்கள்.

“டாக்டரம்மா!” மில்டன் இரண்டு கையையும் விரித்தான். “நீங்க சொல்லுங்க. செத்த செல்லு எழுந்திரிக்கலாமா?”

“கூடாது” என்றார் சுல்மா. “அது பொய்.”

“கேட்டுக்கிட்டீங்களா பெரியவரே? அறிவியலே சொல்லிடுச்சு. படுங்க.”

துணிக்குள்ளிருந்து கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிய பாட்டு வந்தது:

“மூணு கோலு வாங்கினாலும் முகத்துல ஒரு வாட்டமில்ல,
முடியக் கொஞ்சம் கோதி விட்டா தோத்த மாதிரி தோணவில்ல!”

மில்டனின் கை தலைமுடியிலிருந்து சட்டென்று இறங்கியது.

இப்படியே இரண்டு மூன்று ஒத்திகை போனது. ஒருநாள் மில்டன் பொறுமை இழந்து, “இந்தப் பிணத்தை யாராவது கட்டிப்போடுங்கப்பா!” என்று கத்தியபோது, டார்தோ துணியை விலக்கினார். எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, இடது கையை ஊன்றி, மேடை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரத் தொடங்கினார். வலது கால் பின்னால் இழுபட்டு வந்தது. உதவிக்குக் குனிந்தவனைக் கெட்ட வார்த்தையால் விரட்டினார். ஓரத்தில் சோரிஸோ கைகளோடு நின்றவர்களின் வரிசைக்கு வந்து, அவர்களில் ஒருவனின் பஞ்சுக் கையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தங்கையைப் பார்த்துப் பாடினார். பேருந்து நெரிசலைப் பற்றிய பாட்டு அது:

“உள்ள போ உள்ள போன்னு உசிர வாங்காதீங்க அண்ணே,
ஓரமாவே நின்னுக்கிறேன், எறங்குற எடம் வரும் முன்னே!”

சுல்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அவன் சொல்றது சரி” என்றார் மெதுவாக. “நான்தான் தப்புப் பண்ணிட்டேன். செத்தது அவனுக்குள்ள ஒரு மூலை. அவன் மொத்தமும் இல்ல. இவ்வளவு கிண்டல் பண்றவனைக் கொண்டுபோய் நடுவுல படுக்க வெச்சதே அறிவியல்படி பொய். அவன் ஓரத்து செல்லு.”

“ஓரத்து செல்லு எழுந்திரிக்கலாமா?” என்று கேட்டார் எபெர்.

“ரத்தம் வந்தா, தாராளமா.”

எபெர் தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் யாருக்கோ கெடுதல் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். “அப்போ நடுவுல சாக ஒரு ஆள் வேணும். சும்மா படுத்துக் கிடக்கற ஆள் இல்ல. எல்லாரும் பார்க்க நின்னு, பாடிக்கிட்டு இருக்கும்போதே, வாய் கோணி, பெரிய வெளிச்சத்துல, தனியா விழுற ஆள். மொத்த நிகழ்ச்சிக்கும் உச்சம் அதுதான். யாரைப் போடறதுன்னுதான்...”

“நான் விழறேன்” என்றான் மில்டன்.

“நீ இயக்குநராச்சே, மில்டன்.”

“அதனாலதான். நான் விழுந்தா அரங்கமே அழும்.”

“உனக்குக் கஷ்டம் இல்லியே?”

“கலைதானே எபெர்.”

உடனே விழுந்தும் காட்டினான். அற்புதமாக விழுந்தான். நிபியாகூடக் கைதட்டினார். தரையில் கிடந்தபடியே மில்டன் கேட்டான்: “நல்லா இருந்துதா? சரி, நான் எப்போ எழுந்திரிக்கணும்?”

“அதை டாக்டரம்மாவைத்தான் கேக்கணும்” என்றார் எபெர்.

சுல்மா மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்தார். “எழுந்திரிக்கக் கூடாது.”

“கடைசிப் பாட்டுக்காவது?”

“செத்தது செத்ததுதான்.”

“பிரியாவிடைப் பாட்டு, டாக்டரம்மா! இயக்குநர் இல்லாம எப்படி? வேற செல்லா வரேனே. புதுசா முளைச்ச மாதிரி.”

“மூளையில அந்த இடத்துல புது செல்லு முளைக்கும்னு நான் எழுதினா, என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க.”

மில்டன் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எல்லோரும் திடீரென்று தங்கள் சோரிஸோ கைகளைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்கள்.

*

கார்னிவல் போட்டியில் முதலில் மேடையேறும் நேரம் எங்களுக்கு விழுந்தது. பிப்ரவரி வெயில் இன்னும் இறங்காமல் கல் இருக்கைகளின் மேல் கிடந்தது. பேட்டையே வந்திருந்தது. முதல் பாதியை மில்டன் நன்றாகவே நடத்தினான். வேகமாக, மினுமினுப்பாக, மேயரை ஒரு பிடி பிடித்து.

பிறகு செல் பாட்டு. நடுவில் நின்று சுருதி கொடுக்க வாயைத் திறந்த மில்டனின் வாய் கோணியது. அரங்கம் சிரித்தது. வலது கை தொங்கியது. இன்னும் சிரித்தது. முழங்கால் மடங்கி அவன் விழுந்தபோது கைதட்டல் ஊர்க்கோடிவரை கேட்டிருக்கும்.

குழு அசையவில்லை. மேளம் இல்லை, பாட்டு இல்லை. கைதட்டல் மெல்லத் தேய்ந்தது. என்னவோ சரியில்லை என்று ஆங்காங்கே ஆட்கள் எழுந்து பார்த்தார்கள். முழு அமைதி வந்த பிறகுதான் குழு, குரல் உயர்த்தாமல் பாடியது:

“தட்டுங்க தட்டுங்க, நல்லாத் தட்டுங்க,
நாங்களும் இப்படித்தான் தட்டினோமுங்க.”

நூல்கள் இழுபட்டன. அத்தனை கைகளும் முடிச்சு முடிச்சாக வீங்கின. முட்கள் மேடையில் மழைபோல் உதிர்ந்தன. முன்வரிசையில் ஒரு பெண், “ஐயோ” என்றாள், மேடைக்கு இல்லை, தனக்குத்தானே.

மேளம் ஒரு துடிப்பு துடித்தது. ஓரத்து வரிசையில் ஒருவர் கையில் நூல் தளர்ந்து கை நேரானது. அவர் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, விழுந்து கிடந்தவனைச் சுற்றி நடந்து முன்னால் வந்தார். கிதார் இல்லை. வாயைத் திறந்தார்.

எபெர் பக்கத்தில் நின்ற நிபியாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கெட்ட வார்த்தை வந்துவிட்டால் இரண்டாயிரம் பேர் முன்னால் எல்லாம் முடிந்தது.

வந்தது சுருதி. கனத்த குரல்களுக்கு ஒன்று. நடுக்குரல்களுக்கு ஒன்று. மேல்குரல்களுக்கு ஒன்று. சற்றே நடுங்கியது, ஆனால் அதே இடத்தில் நின்றது. பிறகு டார்தோ இடது கையை உயர்த்தினார்.

மில்டன் நடத்தியதைவிட எல்லாமே நிதானமாகப் போயிற்று. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஒதுக்கிய நேரமும் தாண்டிப்போயிற்று. நடுவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை எபெர் பார்த்தார். டார்தோ பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் கையை வேகமாக வீசியிருக்க மாட்டார். பிரியாவிடைப் பாட்டைப் பாடியபடியே குழு வழக்கம்போல் மேடையிலிருந்து இறங்கி மக்கள் நடுவே நடந்தது. அவர்களைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் பாடினார்கள்.

காலி மேடையில் மில்டன் கிடந்தான். மூக்கில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. மேடைப் பணியாளர் ஒருவர் பயந்துபோய் ஓடிவந்து குனிந்தார்.

“தொடாதீங்க” என்று உதடு அசையாமல் சொன்னான் மில்டன். “ஜனங்க இன்னும் பார்க்கறாங்க.”

*

நேரம் தாண்டியதற்காகப் புள்ளிகள் குறைந்தன. ஆனாலும் இரண்டாம் சுற்றுக்குத் தேர்வானார்கள். மறுநாள் மதியம் கிளப்பில் எல்லோரும் கூடினார்கள். மில்டன் பையோடு வந்திருந்தான்.

“ஒண்ணு, நான் கடைசிவரைக்கும் முன்னாடி நிக்கணும். இல்லேன்னா நான் கிளம்பறேன். எங்க அம்மா போன் பண்ணி, ‘உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லியே’ன்னு கேக்கறாங்க. இனிமே நான் படுக்க மாட்டேன்.”

இது வெறும் மிரட்டல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதல் பாதிப் பாட்டுகள் எல்லாம் புதியவை; வேகமானவை; மில்டன் போனால் அவற்றை நடத்த ஆளில்லை. டார்தோவால் அவற்றின் ஒரு வரியைக்கூட இன்னும் பிடிக்க முடியவில்லை. மில்டன் இருந்தால் டார்தோவுக்கு இடமில்லை.

“மில்டன், கண்ணு, கொஞ்சம் யோசி” என்றார் எபெர். “நீ விழுந்ததைப் பத்தித்தான் ஊரே பேசுது.”

“விழுந்ததைப் பேசறாங்க. அப்புறம் கிடந்ததைப் பத்தி யாரு பேசறாங்க?”

சுவரில் சாய்ந்திருந்த டார்தோ நிமிர்ந்தார். மில்டனுக்கு எதிரே வந்து நின்றார். எந்தப் பாட்டு வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்; மில்டன் முன்னெச்சரிக்கையாக முகத்தைச் சுளித்துக்கொண்டான். பாட்டு வரவில்லை. டார்தோவின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின. நெற்றியில் வேர்வை. யாரோ உதவிக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுக்கப் போக, சுல்மா அந்த ஆளின் வாயைக் கையால் மூடினார்.

“ப...” என்றார் டார்தோ. “ப... படு.”

ராகம் இல்லை. பாடவில்லை. பேசினார்.

எபெர் விரலை மடக்கி, முப்பது வருடப் பாட்டுகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“இது என்னோட வரி இல்ல” என்றார் கடைசியில். “நான் எழுதினதே இல்ல. இது அவனுடைய சொந்தம்.”

“அதுவும் எனக்கா?” என்றான் மில்டன். “புதுசா வந்த முத வார்த்தையே எனக்கா, பெரியவரே?”

டார்தோ ஆமென்று தலையை ஆட்டினார். முகத்தில் இடது பாதி மட்டும் சிரித்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

மில்டன் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். கதவைப் பார்த்தான். கீழே தரையைப் பார்த்தான், சிமென்டுத் தரை.

“அங்க மேடைப் பலகை ரொம்பக் கெட்டி” என்றான். “தலையணை வேணும்.”

எபெர் சுல்மாவைப் பார்த்தார். சுல்மா கொஞ்சம் யோசித்தார். “செல்லு செத்த இடத்துல கொஞ்ச நாள்ல மெத்துன்னுதான் ஆகும். தலையணை வெச்சா பொய் இல்ல.”

நிபியா ஏற்கெனவே அளவு நாடாவை எடுத்து மில்டனின் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். “ஆடாம நில்லு” என்றார். “முடியோட சேர்த்து அளக்கறதா, இல்லாமலா?”